அதிர்வை விழுங்கும் ரப்பர்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் அதிர்வை அடக்கும் ரப்பர் வகைகளைப் பற்றி அரைப் பக்கம்தான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வந்தன: ரப்பருக்குள் சின்ன மூலக்கூறு ஒன்றைக் கலந்தால் அதிர்வு எப்படி அடங்கும்? அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே.

கேள்வி: துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் மெத்தென்ற ரப்பர் விரிப்பு போட்டேன். சுழல ஆரம்பிக்கும்போது முன்பைவிட அதிகமாகக் குதிக்கிறது, முழு வேகம் வந்ததும் அமைதியாகிவிடுகிறது. விரிப்பை எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம். விரிப்பு பாதி வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்பதைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

அதிர்வைச் சமாளிப்பதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன, இரண்டையும் எல்லாரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, இயந்திரத்தின் ஆட்டம் தரைக்கு இறங்காமல் பிரித்து வைப்பது. இதற்கு மென்மை வேண்டும். இன்னொன்று, ஆட்டத்தின் ஆற்றலையே வெப்பமாக்கிக் கரைப்பது. இதற்குப் பெயர்தான் தணிப்பு. உங்கள் விரிப்பில் மென்மை இருக்கிறது, தணிப்பு போதவில்லை.

கணக்குக்காக, விரிப்பின் மேல் உட்கார்ந்த இயந்திரத்தின் இயல்பு அதிர்வெண் 8 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். உருளை நிமிடத்துக்கு 480 சுற்றைத் தொடும்போது சரியாக 8 ஹெர்ட்ஸ் ஆகிறது. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி ஒவ்வொரு சுற்றும் ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும், நீங்கள் பார்த்த குதியாட்டம் அதுதான். இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.41 மடங்கை, அதாவது ஏறக்குறைய 680 சுற்றைத் தாண்டிய பிறகுதான் விரிப்பு தரையைக் காப்பாற்ற ஆரம்பிக்கிறது. 1200 சுற்றில், அதாவது 20 ஹெர்ட்ஸில், அமைதி. தணிப்பு அதிகமுள்ள விரிப்பாக இருந்தால் அந்த நடுவழிக் குதியாட்டம் அடங்கியிருக்கும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு, முழு வேகத்தில் தரைக்கு இறங்கும் ஆட்டம் கொஞ்சம் கூடும். முதலில் இயந்திரத்தின் நான்கு கால்களும் மட்டமாக இருக்கின்றனவா, துணி ஒரே பக்கமாகக் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். விரிப்பைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

கேள்வி: பள்ளியில் இரண்டு கறுப்புப் பந்துகளை வைத்துச் சோதனை காட்டுகிறோம். விரலால் அழுத்தினால் இரண்டும் ஒரே மாதிரி. கீழே போட்டால் ஒன்று துள்ளுகிறது, இன்னொன்று 'டப்' என்று விழுந்து அப்படியே கிடக்கிறது. மாணவர்கள் "சார், இதில் காற்று இல்லையா?" என்று கேட்கிறார்கள். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

ஆசிரியரே, இந்த ஒரு சோதனையிலேயே இன்றைய பகுதி முழுவதும் அடங்கிவிடும். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இரண்டுமே உள்ளே கெட்டியான பந்துகள்தான்.

பந்து தரையில் மோதும்போது நசுங்குகிறது. அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் நீள நீளமான பாலிமர் சங்கிலிகள் நீண்டு, ஒன்றையொன்று உரசி நகர்கின்றன. துள்ளும் பந்தில் சங்கிலிகள் அலட்டிக்கொள்ளாமல் நீண்டு, அலட்டிக்கொள்ளாமல் சுருங்கி, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. துள்ளாத பந்து பெரும்பாலும் பாலிநார்போர்னீன் என்ற பாலிமரால் ஆனது. அறை வெப்பத்தில் அதன் சங்கிலிகள் நகர்கின்றன, ஆனால் இழுபறியோடுதான் நகர்கின்றன. மோதல் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் முடிந்துவிடுகிறது, அதற்குள் திரும்பி வர அவற்றால் முடிவதில்லை. இழுபறியில் போன ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது.

நான் ஒரு முறை செய்து பார்த்ததை உங்கள் மாணவர்களுக்கும் காட்டுங்கள். துள்ளாத பந்தை நல்ல சூடான நீரில் சில நிமிடம் மூழ்க வைத்து, இடுக்கியால் எடுத்து, துடைத்துவிட்டு உடனே போடுங்கள். சற்றுமுன் செத்துக் கிடந்த பந்து எழும்பும். கொஞ்ச நேரம் மேசையில் வைத்திருந்துவிட்டுப் போட்டால் மறுபடி 'டப்'. பந்தில் எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை, வெப்பநிலையை மட்டும் மாற்றினோம், குணமே மாறிவிட்டது. எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனதே இதனால்தான்.

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டேன் டெல்டா என்பதைச் சூத்திரமாகத் தெரியும், பொருளாகத் தெரியவில்லை.

ஒரு பொருளை ஒரே சீராக அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டுக்கொண்டே இருங்கள். சுத்தமான ஸ்பிரிங் என்றால் நீங்கள் அழுத்தும் அதே நொடியில் அதுவும் நசுங்கும், தாமதம் 0 டிகிரி. சுத்தமான திரவம் என்றால் முழுக் கால் சுற்று, அதாவது 90 டிகிரி பின்தங்கும். ரப்பர் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். அதனால்தான் அதைப் பாகுமீள்மை கொண்ட பொருள் என்கிறோம்: பாதி பாகு, பாதி மீள்மை. அந்தப் பின்தங்கும் கோணம்தான் டெல்டா, அதன் டேன் மதிப்பு, வெப்பமாகப் போனதற்கும் ஸ்பிரிங் போலச் சேமித்து வைத்ததற்கும் உள்ள விகிதம்.

மேலே சொன்ன பந்துக்கே இதைப் பொருத்திப் பாருங்கள். மோதலை அரைச் சுற்று அதிர்வு என்று வைத்துக்கொண்டால், திரும்பி எழும் ஆற்றலின் பங்கு தோராயமாக இ-யின் அடுக்கு மைனஸ் பை பெருக்கல் டேன் டெல்டா. டேன் டெல்டா 0.1 என்றால் 100 செ.மீ. உயரத்திலிருந்து போட்ட பந்து 73 செ.மீ. எழும்பும். 1 என்றால் வெறும் 4 செ.மீ. எஃகுக்கு இந்த எண் ஆயிரத்தில் ஒன்றோ அதற்கும் குறைவோதான், அதனால்தான் மணியை அடித்தால் அவ்வளவு நேரம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

கேள்வி: ரப்பர் பொருள் தயாரிப்பில் பதினைந்து வருட அனுபவம். பிவிசியில் எண்ணெய் சேர்த்து மென்மையாக்குவது எங்களுக்குப் பழக்கமான வேலைதான். இப்போது 'பாலிமர்–சிறுமூலக்கூறு ஹைப்ரிட்' என்று புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய கள்ளுதானே, புது மொந்தையா?

இல்லை. பார்க்க ஒன்று போல இருந்தாலும் இது கிட்டத்தட்ட எதிர்த் திசையில் போகிற விஷயம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு பாலிமருக்கும் ஒரு கண்ணாடி மாறுநிலை உண்டு. அதற்குக் கீழே அது கண்ணாடி போல விறைப்பு, மேலே ரப்பர் போல நெகிழ்வு. அந்த வாசலைக் கடக்கும்போதுதான் டேன் டெல்டா மலைச் சிகரம் மாதிரி எழுந்து இறங்கும். நீங்கள் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் என்ன செய்கிறது? சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து வழுக்கிக் கொடுக்கிறது. மாறுநிலை குறைகிறது, வெப்பநிலையை இடமிருந்து வலமாகக் குறித்த வரைபடத்தில் சிகரம் மொத்தமாக இடப்பக்கம், அதாவது குளிர்ப் பக்கம், நகர்ந்துவிடுகிறது. பொருள் மென்மையாகிறது, உங்களுக்கு அதுதான் வேண்டும். ஆனால் அறை வெப்பத்தில் அதிர்வை விழுங்க வேண்டும் என்றால் சிகரம் அறை வெப்பத்தில் நிற்க வேண்டும், மைனஸ் முப்பதில் நின்று பிரயோசனமில்லை.

1990-களின் இறுதியிலும் 2000-ஐ ஒட்டியும் ஜப்பானில் வூ சிஃபெய் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வேறு மாதிரியான மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டார்கள். குளோரினேற்றப்பட்ட பாலிஎத்திலீனோடு முதலில் கலந்து பார்த்தவற்றில் ஒன்று நீங்கள் தினமும் கையாளும் சல்ஃபெனமைடு வகை முடுக்கி, க்யூரிங்குக்கு, அதாவது சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து ரப்பரை உறுதியாக்குவதற்கு, சிட்டிகை அளவு போடுவீர்களே, அதே குடும்பம். இன்னொன்று இடநெருக்கடி கொண்ட ஃபீனால், அதாவது ரப்பர் காற்றில் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஆன்டி-ஆக்சிடன்ட். ஏஓ-60, ஏஓ-80 என்ற பெயர்களில் இவற்றைப் பார்த்திருப்பீர்கள். வழக்கமாக நூறு பங்கு ரப்பருக்கு ஒரு பங்கோ அதற்கும் கீழேயோ போடுகிற இந்தப் பொருளை அவர்கள் ஐம்பது, நூறு பங்கு என்று அள்ளிப் போட்டார்கள். மருந்தாக இருந்ததைச் சாப்பாடாகவே ஆக்கிவிட்டார்கள் என்று சொல்லலாம்.

விளைவு என்ன தெரியுமா? சிகரம் இடப்பக்கம் போகவில்லை, வலப்பக்கம் நகர்ந்தது. அதோடு உயரமும் கூடியது. பின்னால் நைட்ரைல் ரப்பரிலும் அக்ரிலிக் ரப்பரிலும் இதே வழியில் போனவர்களுக்கு டேன் டெல்டா 2-ஐத் தாண்டிய கலவைகள் கிடைத்தன.

ஏன் இப்படி என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். ஏஓ-80-ன் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஹைட்ராக்சில் முனை இரண்டு இருக்கிறது. நைட்ரைல் ரப்பரின் சயனோ தொகுதியோ அக்ரிலிக் ரப்பரின் கார்போனைல் தொகுதியோ பக்கத்தில் வந்தால் அந்த முனை அதைப் பிடித்துக்கொள்கிறது. இது ஹைட்ரஜன் பிணைப்பு. இதன் வலிமை மோலுக்குப் பத்திலிருந்து நாற்பது கிலோஜூல் வரை. சங்கிலியின் முதுகெலும்பான கார்பன்–கார்பன் பிணைப்புக்கோ ஏறக்குறைய 350. அதாவது, சங்கிலி அறுந்துபோகிற அளவுக்கு அதிர்வு வேண்டியதில்லை, ஆனால் இந்தச் சின்னப் பிடிகளைக் கழற்றாமல் சங்கிலியால் நகரவும் முடியாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆயிரமாயிரம் பிடிகள் கழன்று, பக்கத்துக் கையைப் பிடித்து, மறுபடி கழன்று, மறுபடி பிடித்து... ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகக் கழிகிறது. பிடி இறுக்கம் என்பதால் நகரவே அதிக வெப்பம் வேண்டியிருக்கிறது, அதனால் சிகரம் வலப்பக்கம் போகிறது.

உயரம் கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்பன் பிளாக் போன்ற விறைப்பான துகளைப் போட்டால் அது ஆட்டத்தில் கலந்துகொள்ளாது, தன் பங்கு இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா நிற்கும், சிகரம் தாழ்ந்துவிடும். கரைந்துபோன சிறுமூலக்கூறு அப்படியில்லை, சங்கிலியோடு சேர்ந்து அதுவும் ஆடுகிறது.

இதில் ஒரு நுணுக்கம், சொல்லாமல் விட மனமில்லை. ஏஓ-60-ல் ஹைட்ராக்சில் முனை நான்கு, ஏஓ-80-ல் இரண்டுதான். அப்படியானால் ஏஓ-60 தான் வலுவாகப் பிடிக்கும் என்று தோன்றும், இல்லையா? ஆனால் ஏஓ-60-ன் ஒவ்வொரு முனைக்கும் இருபுறமும் பருத்த மூவிணை-பியூட்டைல் தொகுதிகள் காவலுக்கு நிற்கின்றன. ஏஓ-80-ல் ஒரு பக்கம் மட்டும்தான் அந்தப் பருமன், மறுபக்கம் சிறிய மெத்தைல். கை எத்தனை என்பதைவிட, கை வெளியே நீள இடம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

கேள்வி: இந்த ஹைட்ரஜன் பிணைப்பு உண்மையிலேயே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கண்ணால் பார்க்க முடியாதே.

அகச்சிவப்பு நிறமாலையில் பார்க்கலாம். யாரையும் பிடிக்காமல் தனியாக இருக்கும் ஃபீனால் ஹைட்ராக்சில், சென்டிமீட்டருக்கு 3600-ஐ ஒட்டிய அலை எண்ணில் கூர்மையான கோடு காட்டும். எதையாவது பிடித்துக்கொண்டால் அந்தக் கோடு கீழே இறங்கி, அகலமாகிவிடும். அக்ரிலிக் ரப்பர் என்றால் அதன் கார்போனைல் கோடும் கொஞ்சம் நகரும். மாதிரியைச் சூடாக்கிக்கொண்டே பாருங்கள், பிணைப்பு கழலக் கழலக் கோடு பழைய இடத்துக்குத் திரும்பும். கண்ணாடி மாறுநிலை ஒரே ஒரு இடத்தில் தெரிகிறதா, இரண்டாகப் பிரிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் கலவை உண்மையில் கரைந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: குழந்தைகள் விளையாடும் ஸ்லைமும் இதுவும் ஒன்றா?

நெருங்கிய சொந்தம். ஸ்லைமில் பாலிவினைல் ஆல்கஹால் சங்கிலிகளை போராக்ஸிலிருந்து வரும் போரேட் பிடித்து வைக்கிறது. 1940-களில் செயற்கை ரப்பர் தேடியபோது கிடைத்த சிலிக்கோன் பந்துமாவு (சில்லி புட்டி) போரிக் அமிலத்தால் அதே வேலையைச் செய்கிறது. மெதுவாக இழுத்தால் பாகாக வழிகிறது, எறிந்தால் துள்ளுகிறது, வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடுகிறது. எல்லாமே பிடி கழல எடுக்கும் நேரத்துக்கும் நீங்கள் இழுக்க எடுக்கும் நேரத்துக்கும் நடக்கிற போட்டி. இரண்டு நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வரும் இடத்தில்தான் ஆற்றல் அதிகமாகக் கரைகிறது. அங்கே போரேட் செய்வதை இங்கே ஃபீனால் செய்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: விளம்பரத் தாளில் 'டேன் டெல்டா 1.8' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 0.9 போட்ட பொருளைவிட இது இரண்டு மடங்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? கார் கதவுத் தகட்டில் ஒட்டத் தேவைப்படுகிறது.

எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த வெப்பநிலை, எந்த அதிர்வெண் என்று இல்லையென்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சிறுமூலக்கூறுக் கலவைகளின் பலவீனமே இங்கேதான், சிகரம் உயரமாக இருக்கும், ஆனால் ஒல்லியாக இருக்கும். ஒரு குறுகிய வெப்பநிலைப் பட்டையில் பிரமாதம், அதைத் தாண்டினால் சாதாரண ரப்பர். கதவுத் தகடு காலையில் குளிர்ந்திருக்கும், மதிய வெயிலில் கொதிக்கும். அதனால் உச்ச மதிப்பைக் கேட்காதீர்கள், டேன் டெல்டா 0.3-க்குக் குறையாமல் எத்தனை டிகிரி வரை நிற்கிறது என்று கேளுங்கள். 0.9 உயரத்தில் அகலமாகப் படுத்திருக்கும் சிகரத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அப்புறம் அதிர்வெண். ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் 1 ஹெர்ட்ஸிலோ 10 ஹெர்ட்ஸிலோ அளப்பார்கள். தகட்டின் இரைச்சலோ நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ். வேகமாக ஆட்டினால் சங்கிலிக்கு நேரம் போதாது, ஆகவே அதே சிகரம் இன்னும் அதிக வெப்பநிலையில்தான் தெரியும். 1955-ல் வில்லியம்ஸ், லேண்டல், ஃபெர்ரி மூவரும் கொடுத்த சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால் அதிர்வெண் பத்து மடங்கு கூடும்போது சிகரம் சுமார் 3-லிருந்து 7 டிகிரி வரை நகரும். 1 ஹெர்ட்ஸில் 20 டிகிரியில் இருந்த சிகரம் 1000 ஹெர்ட்ஸில் 30-க்கும் 40-க்கும் இடையே எங்கோ போய் நிற்கும். உங்களுக்கு எந்த இடத்தில் வேண்டும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று, ஒட்டும் விதம். தகட்டின் மேல் வெறும் ரப்பரை அப்பினால், தகடு வளையும்போது அது நீண்டு சுருங்குகிறது. 1952-ல் ஓபர்ஸ்ட் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். அங்கே டேன் டெல்டா மட்டும் போதாது, பொருள் விறைப்பாகவும் இருக்க வேண்டும், அதாவது விறைப்பையும் டேன் டெல்டாவையும் பெருக்கினால் வரும் இழப்புக் குணகம் பெரிதாக இருக்க வேண்டும். ரப்பருக்கு மேலே ஒரு மெல்லிய அலுமினியத் தகடும் சேர்த்து ஒட்டினால், இரண்டு உலோகத்துக்கும் நடுவே ரப்பர் சறுக்கிச் சறுக்கிப் பக்கவாட்டில் இழுபடுகிறது. 1959-ல் கெர்வின் ஆராய்ந்த இந்தச் 'சாண்ட்விச்' முறையில்தான் மென்மையான, டேன் டெல்டா உயர்ந்த கலவைக்கு உண்மையான வேலை கிடைக்கிறது. உங்கள் கதவுக்கு அலுமினியம் பூசிய தாள்தான் என் சிபாரிசு.

கேள்வி: பெரிய கட்டடங்களில் இப்படிப்பட்ட பொருள் பயன்படுகிறதா?

பாகுமீள்மைத் தணிப்பான்கள் பயன்பட்டிருக்கின்றன, நெடுநாளாகவே. 1969-ல் நியூயார்க் உலக வர்த்தக மையக் கோபுரங்களில் காற்றால் வரும் ஆட்டத்தை அடக்க ஒவ்வொரு கோபுரத்திலும் ஏறக்குறைய பத்தாயிரம் தணிப்பான்களைப் பொருத்தினார்கள். எஃகுத் தகடுகளுக்கு நடுவே பாகுமீள்மைப் பாலிமர் அடுக்கு, கட்டடம் அசையும்போது அந்த அடுக்கு பக்கவாட்டில் இழுபட்டு ஆற்றலைக் கரைக்கும். அவை ஃபீனால் கலவைகள் அல்ல, ஆனால் தத்துவம் ஒன்றுதான்.

இதே இடத்தில் சூட்டையும் நினைவில் வைக்க வேண்டும். விழுங்கிய ஆற்றல் எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. இழப்புக் குணகம் 10 மெகாபாஸ்கல் உள்ள திண்டு, 1 சதவீத நீட்சியில் 100 ஹெர்ட்ஸில் ஆடுகிறது, வெப்பம் வெளியேறவே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 9 டிகிரி சூடேறிவிடும். ரப்பர் வெப்பத்தை லேசில் கடத்தாது. சூடேறினால் சிகரத்தை விட்டு விலகிவிடும், விலகினால் தணிப்பு குறையும். ஆகவே தொடர்ந்து ஆடும் இடத்தில் தடித்த ஒரே திண்டைவிட உலோகத்தோடு ஒட்டிய மெல்லிய அடுக்குகள் மேல்.

கேள்வி: ஆராய்ச்சி மாணவி. நைட்ரைல் ரப்பரில் ஏஓ-80 எண்பது பங்கு கலந்து தகடு செய்தேன். முதல் வாரம் டேன் டெல்டா 2-க்கு மேல் வந்தது. மூன்று மாதம் கழித்து அதே தகட்டில் 1.3 தான். மேல்பரப்பில் வெள்ளையாக மாவு மாதிரி படிந்திருக்கிறது. முதல் அளவீடு தவறா, நான் கலந்ததில் தவறா?

இரண்டும் தவறில்லை, மனம் தளர வேண்டாம். எனக்கும் இது நடந்திருக்கிறது. நல்ல முடிவு வந்த சந்தோஷத்தில் ஒரு தகட்டை உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். அடுத்த பருவத்தில் எடுத்துப் பார்த்தபோது விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது, தகடும் வளைத்தால் முறியும் போல விறைத்திருந்தது. அன்றைக்கு அதன் காரணத்தைச் சொல்லித்தர யாரும் பக்கத்தில் இல்லை, அதனால் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏஓ-80 தனியாக இருக்கும்போது படிகம். நீங்கள் அதன் உருகுநிலைக்கு மேலே, 100 டிகிரியை நன்றாகத் தாண்டிய சூட்டில் கலந்திருப்பீர்கள், அழுத்திய பிறகு சட்டென்று குளிரவும் வைத்திருப்பீர்கள். அந்த வேகத்தில் மூலக்கூறுகளுக்கு ஒழுங்காக வரிசை கட்ட நேரமில்லை, கலைந்த நிலையிலேயே ரப்பருக்குள் மாட்டிக்கொண்டன. உங்கள் முதல் வார அளவீடு அந்த நிலையின் அளவீடு, அது உண்மைதான். ஆனால் அந்த நிலை நிரந்தரமில்லை. ரப்பர் அதன் மாறுநிலைக்கு மேலே இருக்கும் வரை சங்கிலிகள் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும், உபரியாக இருக்கிற ஏஓ-80 ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்துப் படிகமாகிவிடும். படிகமானது ரப்பரைப் பிடிக்காது, கல் மாதிரி உள்ளே நிற்கும். மேல்பரப்புக்கு வந்தது வெள்ளையாகப் பூத்துவிடும்.

முதலில் வித்தியாச வெப்ப அளவீட்டில் (டிஎஸ்சி, சூடாக்கும்போது பொருள் வாங்கும் வெப்பத்தை அளக்கும் முறை) ஒரு துண்டை ஓட்டிப் பாருங்கள். ஏஓ-80-ன் உருகல் சிகரம் தெரிந்தால் சந்தேகமே இல்லை. அதே துண்டை உருக்கி, வேகமாகக் குளிர்வித்து, மறுபடி ஓட்டுங்கள். உருகல் சிகரம் காணாமல் போய் மாறுநிலை மட்டும் தெரிந்தால், உங்கள் பொருள் கெடவில்லை, படிகமாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி என்ன செய்யலாம்? அளவைக் குறையுங்கள். எண்பதுக்குப் பதில் நாற்பது, ஐம்பதில் ஒரு வரிசை செய்து ஒவ்வொன்றையும் மாதா மாதம் அளந்துகொண்டே வாருங்கள். எந்த அளவு வரை ரப்பர் தாங்குகிறது என்பது தெரியும். சயனோ அதிகமுள்ள நைட்ரைல் ரப்பரை எடுத்தால் பிடிக்க இடம் கூடும், தாங்கும் அளவும் கூடும். ஒரே மூலக்கூறுக்குப் பதில் ஏஓ-60-ஐயும் ஏஓ-80-ஐயும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், வடிவம் வேறான இரண்டு பேர் கலந்து நிற்கும்போது வரிசை கட்டுவது கஷ்டம். குளோரினேற்றப்பட்ட பாலிஎத்திலீன் கலவைகளில் படிகமாவதைத் தடுக்கக் குளோரினேற்றப்பட்ட பாரஃபின் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் ரப்பருக்கு ஒத்துப்போகும் மூன்றாவது பொருள் ஒன்றை அதே வழியில் தேடலாம். க்யூரிங்குக்குப் பெராக்சைடு பக்கம் போகாதீர்கள், ஃபீனால் அங்கே தன் பழைய வேலையை ஆரம்பித்து, க்யூரிங்குக்கு வேண்டிய தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) விழுங்கிவிடும். கந்தக முறையே போதும்.

ஆய்வேட்டில் எழுதும்போது முதல் வார எண்ணையும் மூன்றாம் மாத எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். 2-ஐ மட்டும் போட்டுவிட்டு 1.3-ஐ மறைக்க வேண்டும் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள், தகட்டை வாங்கி இயந்திரத்தில் மாட்டப்போகிறவருக்கு வேண்டியது இரண்டாவது எண்தான். பழைய தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஆறாம் மாதமும் அதையே அளந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.